சீதனம் கொடுத்தாச்சு, இனிப் பங்கு இல்லையா?

கேள்வி, 2.6.2025

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை பக்கம் எங்கள் ஊர். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா போன வருடம் தவறிவிட்டார், உயில் எதுவும் இல்லை. அம்மா இருக்கிறார்கள். அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேர். தங்கை குவைத்தில். அப்பா பேரில் ஒரு ஏக்கர் 20 சென்ட் ரப்பர் விளையும் (தோட்டம்), வீடு நிற்கிற 12 சென்டும் இருக்கிறது. என் கல்யாணத்துக்கு 51 பவுனும் மூன்று லட்சமும் கொடுத்தார்கள். அண்ணன், என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடு என்கிறான். "சீதனம் வாங்கினவளுக்குப் பங்கு கிடையாது, அது திருவிதாங்கூர் சட்டம்" என்று பெரியப்பாவும் சொல்கிறார். போடவா, வேண்டாமா?

2.6.2025, இரவு

போடாதீர்கள். வெள்ளிக்கிழமை ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப் போடுங்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

3.6.2025

நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபீசில் பல காலம் வேலை பார்த்தவள். குழித்துறை, பத்மநாபபுரம் கோர்ட்டுகளில் பாகப்பிரிவினை வழக்குக் கட்டுகளைச் சுமந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கடைசி முடிவுக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

உங்கள் பெரியப்பா சொல்லும் சட்டம் இருந்தது உண்மை, இன்று அது உயிரோடு இல்லை. கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படிதான் சொத்து இறங்கும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமம். மகன், மகள் வித்தியாசம் இல்லை. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் வித்தியாசமும் இல்லை.

உங்கள் கணக்கு: ரப்பர் விளை 120 சென்ட். அம்மாவுக்கு 40. மீதி 80-ஐ மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 26 சென்டும் ஒரு சென்டில் மூன்றில் இரண்டும். வீட்டு மனையிலும் இதே விகிதம்தான்.

சீதனத்துக்கு வருகிறேன். அந்தச் சட்டத்தின் 49-ஆவது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்காகக் கொடுத்த பணத்தையோ சொத்தையோ, அவர் இறந்த பிறகு அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்குப் பார்க்கும்போது கழிக்கக் கூடாது என்று அதில் நேராகவே இருக்கிறது. 51 பவுனைக் கழிக்க முடியாது. அதேபோல அண்ணனை இன்ஜினீயரிங் படிக்கவைத்த செலவோ, சவூதிக்கு அனுப்பக் கட்டின விசா பணமோ இருந்தால் அதையும் நீங்கள் கழிக்கச் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி.

3.6.2025, சற்று நேரம் கழித்து

கீழே ஒருவர் "இந்துக்களுக்கும் இதே 49-ஆவது பிரிவா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. மேலே எழுதின கணக்கு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு மட்டும். மற்றவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன், கலந்துகொள்ள வேண்டாம்.

4.6.2025

பெரியப்பாமார் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் வளர்ந்த காலத்தில் அதுதான் நியாயமாக இருந்தது.

1956 நவம்பர் 1-க்கு முன்பு நம் மாவட்டம் திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அங்கே 1916-இல், கொல்லம் ஆண்டு 1092-இல், கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். அதன்படி மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதுவும் சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ கிடையாது. விதவைக்குக் கிடைத்தது ஆயுள் அனுபவம் மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போகும். நம் வீடுகளில் இன்றைக்கும் நடக்கிற பேச்சு அப்படியே அந்தச் சட்டத்தின் வாசகம்தான்.

ஆனால் அதே சட்டம், தென்பகுதித் தாலுக்காக்கள் சிலவற்றில் லத்தீன் கத்தோலிக்கரிலும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாரிலும் சில பிரிவினர் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கிடுகிற வழக்கம் உள்ளவர்கள் என்று ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. பெண்ணுக்குச் சமபங்கு என்பது யாரோ வெளியூரிலிருந்து கொண்டுவந்து இறக்கியது இல்லை. இதைப் பெரியப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

1951 ஏப்ரல் 1-இல் மத்தியச் சட்டங்கள் பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கு நீட்டிக்கப்பட்டன. அதோடு திருவிதாங்கூர்ச் சட்டம் போய்விட்டதா, தொடர்கிறதா என்பதில்தான் பல வருடம் சண்டை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி போய்விட்டது என்றார். 1978-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு இல்லை, தொடர்கிறது என்றது. கடைசியில் கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: 1951 ஏப்ரல் 1 முதலே பழைய சட்டம் செல்லாது. அந்தத் தேதிக்குப் பிறகு இறந்தவர்களின் சொத்துக்கெல்லாம் இந்திய வாரிசுரிமைச் சட்டம். வழக்கு கேரளத்தில் இருந்து போனது, அதனால் கேரளத்துக்கு மட்டும் என்று சிலர் சொல்வார்கள். பழைய திருவிதாங்கூர் முழுவதற்கும் பொருந்தும், நமக்கும்.

5.6.2025

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு என் அம்மாவின் நினைவாகவே இருந்தது.

என் தாத்தா 1979-இல் இறந்தார். மாமாக்கள் இரண்டு பேர், அம்மா, சித்தி. கருங்கல் பக்கம் தென்னையும் வயலும். 1978 தீர்ப்பு வந்த புதிது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை என்று ஊரே சொன்னது, பத்திரம் எழுதுகிறவரும் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லையென்றால் கையெழுத்து மட்டும் எதற்கு என்று சித்தி கேட்டிருக்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா போட்டாள். சித்தியும் பிறகு போட்டாள். ஆளுக்கு ஒரு சேலையும் கொஞ்சம் ரூபாயும் கொடுத்தார்கள்.

1986-இல் தீர்ப்பு பேப்பரில் வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். வழக்குக்குப் போகவில்லை. மாமாக்களோடு பேச்சும் நிற்கவில்லை. ஆனால் அப்பா இறந்தபோது போதகரையும் எங்களையும் முன்னறையில் உட்கார வைத்து, "நாலு பிள்ளைக்கும் சமமாக எழுதுங்கள், என் பங்கு என் காலத்துக்குப் பிறகும் அப்படித்தான்" என்றாள். என் தம்பிகள் மறுபேச்சுப் பேசவில்லை. மைனிமார் (தம்பிகளின் மனைவிகள்) இரண்டு பேரும் தங்கள் பிறந்த வீடுகளில் கேட்கத் துணிந்தது அதற்குப் பிறகுதான்.

சித்தி கேட்ட கேள்வியைத்தான் உங்கள் அண்ணனிடம் கேட்கச் சொல்கிறேன். உரிமை இல்லாதவளிடம் விடுதலை எதற்கு எழுதி வாங்க வேண்டும்?

5.6.2025, மாலை

"தகப்பன் உயிரோடு இருக்கும்போதே கல்யாணத்தின்போது எழுதி வாங்கிவிட்டார்கள், அது செல்லுமா?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இது அடிக்கடி நடப்பது. கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் அவர் உயிரோடு இருக்கும்வரை மகனுக்கும் உரிமை இல்லை, மகளுக்கும் இல்லை. பிற்காலத்தில் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும்தான். அந்த எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டம் 6-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் அந்தப் பத்திரம் பொதுவாக நிற்காது.

ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்து, அதை நம்பி மற்றவர்கள் காரியங்கள் செய்திருந்தால், பிறகு வந்து பங்கு கேட்காதபடி கோர்ட் தடுக்கலாம். 1972-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்ன வழக்கு உண்டு. ஆகவே அந்தப் பத்திரத்தில் பணம் வாங்கியதாக என்ன எழுதியிருக்கிறது என்று நகல் எடுத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், ஆவண எண் அதில் கிடைக்கும்.

தகப்பன் இறந்த பிறகு எழுதிக் கொடுத்தது வேறு விஷயம். அது உங்கள் சொந்தப் பங்கை நீங்களே விட்டுக்கொடுத்தது. ஏமாற்றி வாங்கினார்கள் என்றால் அது தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும். கையெழுத்துப் போடும் முன் யோசிப்பது எவ்வளவோ மேல்.

6.6.2025

இன்று வெள்ளி. கேட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறார். "அண்ணன் பேசவில்லை, மைனி போனில் அழுதார்" என்றும். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். அம்மாவைப் போய்ப் பாருங்கள். சொத்துப் பேச்சை எடுக்காமல் ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

7.6.2025

இப்போது புதிதாக ஒரு உயில் வெளியே வருகிறதாம்! 2008-இல் அப்பா அண்ணன் பேரில் எழுதியதாம். வரட்டும், பார்க்கலாம்.

உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டதை இரண்டு பேரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவரே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சாட்சி போட்டவருக்கோ, அவருடைய கணவன் மனைவிக்கோ அதே உயிலில் சொத்து எழுதியிருந்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லாது. மைனி சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அண்ணனுக்கு எழுதியது போய்விடும். எனவே முதலில் சாட்சி யார் என்று பாருங்கள்.

பதிவு செய்யாத உயிலும் செல்லும், ஆனால் சந்தேகம் வந்தால் சாட்சிகளில் ஒருவரையாவது கோர்ட்டில் விசாரித்து நிரூபிக்க வேண்டும். உயிலை வைத்துக்கொண்டு பங்கு கேட்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், நீங்கள் இல்லை. முன்பு கிறிஸ்தவர்கள் உயிலுக்குப் புரொபேட் (உயில் உண்மை என்று கோர்ட் தரும் சான்று) வாங்காமல் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது. 2002-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். "புரொபேட் இல்லை, அதனால் உயில் செல்லாது" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது பழைய நிலை.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: கிறிஸ்தவர் உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் அந்த உயில் தானாகவே ரத்தாகும். மனைவி இறந்து மறுமணம் செய்தவர்கள் கவனிக்க வேண்டும்.

அப்பா சுயபுத்தியோடு, இரண்டு சாட்சி வைத்து, உண்மையாகவே எழுதியிருந்தால் அது செல்லும் என்பதையும் மறைக்க மாட்டேன். தன் சொத்தை முழுக்க ஒரு பிள்ளைக்கு எழுத அவருக்கு உரிமை உண்டு.

9.6.2025

உயில் வந்தது என்று சொன்னவர்கள் இதுவரை யாருக்கும் காட்டவில்லையாம். நகல் கேட்டு வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும்.

இந்துக் குடும்பங்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு: தகப்பனின் சொந்தச் சம்பாத்தியம் என்றால் உயில் இல்லாதபோது மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லாருக்கும் சமம். பூர்வீகச் சொத்தில் 2005 செப்டம்பர் 9 முதல் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை. அந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரிந்த சொத்தை மட்டும் திரும்பத் திறக்க முடியாது. தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணமாகாத மகள்களுக்கு இந்த உரிமை வந்துவிட்டது. கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்த 1975-ஆம் வருடச் சட்டம் நம் மாவட்டத்துக்குக் கிடையாது, திருவனந்தபுரத்துச் சொந்தக்காரர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முஸ்லிம் குடும்பத்தில் மகளுக்கு மகன் பங்கில் பாதி. உயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மற்ற வாரிசுகள் சம்மதம் இல்லாமல் செல்லாது. திருவிதாங்கோட்டில் இருந்து கேட்ட தம்பிக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

9.6.2025, இரவு

"பட்டா அண்ணன் பேருக்கு மாறிவிட்டது, இனி அவ்வளவுதானே?" என்று ஒருவர்.

இல்லை. பட்டா வரி கட்டுவதற்கான வருவாய்த்துறைக் கணக்கு. உரிமையைத் தீர்மானிப்பது பத்திரமும் வாரிசுரிமையும், கடைசியில் சிவில் கோர்ட்டும். தப்பாக மாறியிருந்தால் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு செய்யலாம். நம் மாவட்டத்துக்கு நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் யார் யார் வாரிசு என்று காட்டுமே தவிரப் பங்கு எவ்வளவு என்று சொல்லாது. ஆனாலும் அதில் உங்கள் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், "கல்யாணமாகிப் போனவள்" என்று சொல்லி விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் விளையில் இருக்கிறார் என்பதாலேயே சொத்து அவருடையது ஆகாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் மற்றவர்களுக்காகவும் அனுபவிப்பதாகத்தான் அர்த்தம். "உனக்கு ஒன்றும் இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றிய நாளிலிருந்துதான் 12 வருடக் கணக்கு ஓடும். மறுத்துவிட்டார் என்றால் சும்மா இருக்காதீர்கள்.

11.6.2025

பழைய பிரமாணங்களை (சொத்துப் பத்திரங்களை)ப் பற்றி ஒரு நண்பர் கேட்டதில் பேச்சு வேறு பக்கம் போனது. எனக்கும் பிடித்த விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நம் ஊர் மூலப் பிரமாணங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 825 கூட்டினால் ஆங்கில வருடம் வரும். சிங்க மாதத்திலிருந்து (நம் ஆவணி) மார்கழி பாதி வரைக்கும் மட்டும் 824 கூட்ட வேண்டும், ஏனென்றால் கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. 1120 கும்பம் (மாசி) என்றால் 1945 தொடக்கம். ஒற்றி (அடமானம்) வைத்த பிரமாணம் கையில் இருந்தால் மீட்ட ரசீதோ மீட்புப் பத்திரமோ இருக்கிறதா என்று தேடுங்கள். மலையாளத்தில் எழுதியிருந்தால் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே தமிழில் எழுதி வாங்கி வையுங்கள். பழைய சர்வே எண்ணும் இப்போதைய ரீசர்வே எண்ணும் வேறு. இரண்டையும் ஒத்துப் பார்க்காமல் ஒரு பத்திரமும் எழுதக் கூடாது.

12.6.2025

குவைத்துத் தங்கை நேரில் வர முடியாது என்று அண்ணன் பொதுப் பவர் (அவருக்காக எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) கேட்கிறாராம். பவர் கொடுப்பதில் தப்பு இல்லை, யாருக்கு, எதற்கு என்பதில்தான் எல்லாம். பாகப்பத்திரத்தில் இன்ன பங்கைப் பெற்றுக்கொள்ள மட்டும் என்று குறிப்பிட்டு, அம்மா பேரிலோ உங்கள் பேரிலோ கொடுக்கச் சொல்லுங்கள். தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். விற்கவும் விடுதலை செய்யவும் அதிகாரம் கொடுக்கிற வரி அதில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

14.6.2025

செலவு. பலர் இதற்குப் பயந்துதான் விட்டுவிடுகிறார்கள்.

குடும்பத்துக்குள் பாகப்பத்திரம், செட்டில்மெண்ட் (தானமாக எழுதிக் கொடுப்பது), விடுதலை எதுவானாலும் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000. பாகப்பத்திரத்தில் இந்த வரம்புகள் ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி. 2023 ஜூலைக்கு முன் இந்த வரம்புகள் 25,000-மும் 4,000-மும். வழக்கு என்றால், பங்கில் இருந்து வெளியேற்றப்பட்டவர் தன் பங்கின் மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், 2017-க்கு முன் ஏழரை. கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்று வழக்குப் போட்டால் சின்னதாக ஒரு நிலையான கட்டணம் மட்டும்தான்.

பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பே கிடையாது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். வழக்கில் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமாதானம் ஆனால் கட்டின கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் இல்லை.

15.6.2025

அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று ஒருவர் கேட்டார், நல்லது.

அம்மாவின் மூன்றில் ஒரு பங்கு முழு உரிமை, ஆயுள் அனுபவம் இல்லை. அதை அண்ணனுக்கு எழுதிக் கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, மகள்கள் தடுக்க முடியாது. ஆனால் எழுதிக் கொடுத்தால் "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆவது பிரிவில், பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிபந்தனை வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் பெரியவர்கள் பக்கம் நின்று தாராளமாகப் பொருள் கொண்டது. இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது. எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டுத்தொழுவத்தை ஒட்டின அறைக்கு மாற்றப்பட்ட ஒரு பாட்டியின் கேஸ் கட்டை நானே தைத்திருக்கிறேன். அந்த வாசகம் இல்லாததால் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

21.6.2025

அண்ணன் பேச வந்திருக்கிறார் என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். உயில் பேச்சைக் காணோம். வீட்டை அவருக்கு விட்டுவிட்டு விளையில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். தாராளமாக. சம்மதித்தால் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், சென்ட் கணக்குச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் விடுதலைப் பத்திரம் வேண்டாம், நான்கு பேரும் சேர்ந்த பாகப்பத்திரமாக எழுதுங்கள். அம்மா அந்த வீட்டில் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் அதிலேயே சேருங்கள்.

சர்வேயரை வைத்து அளந்து, வரைபடத்தைப் பத்திரத்தோடு இணையுங்கள். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கும்வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக முக்கியம், வழி. நம் விளைகள் மேடும் பள்ளமுமாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருக்கும். பின்பக்கத் துண்டு உங்களுக்கு வந்தால் ரோட்டில் இருந்து எத்தனை அடி அகலத்தில், எந்த எல்லையை ஒட்டி வழி என்று எழுத வேண்டும். டெம்போ போக வேண்டுமே. "வழக்கம்போல் நடந்து போகலாம்" என்று எழுதிவிட்டுப் பிறகு குழித்துறை கோர்ட்டில் நின்ற அண்ணன் தங்கைகள் நிறைய.

22.6.2025

கிணறு பொது என்றும், மோட்டார் கரண்ட் பில் எப்படிப் பங்கு என்றும் எழுதச் சொல்ல விட்டுப்போனது. பத்திரம் பதிவாகும்வரை ரப்பர் பால் வெட்டின கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், வெட்டுக்கூலி கழித்த மீதியில் எல்லாருக்கும் பங்கு உண்டு.